சின்ன ஆர்க்கிடெக்ட் ஆபீசுக்கு வெப்சைட்: எதைக் காட்டுவது, எதை விடுவது?

உப்பளத்தான்:
புதுச்சேரியில் இரண்டே பேர் உள்ள ஆபீஸ் எங்களுடையது. இதுவரை முடித்தது 22 வேலை, பாதிக்கு மேல் கடலூர் பக்கம் 30க்கு 40 மனையில் கட்டிய வீடுகள், நாலைந்து பழைய திண்ணை வீட்டைப் பழுதுபார்த்தது, ஒயிட் டவுனில் ஒரே ஒரு கஃபே. வெப்சைட் செய்தவர் அந்த கஃபே வீடியோவை முகப்பில் முழுத்திரைக்கு ஓடவிட்டிருக்கிறார். மஞ்சள் சுவர், காகிதப்பூ, பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் போன வாரம் நெல்லிக்குப்பத்தில் ஒருவருக்குக் காட்டலாம் என்று போனில் திறந்தால் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கிறது, அவர் "பரவாயில்லைங்க, வாட்ஸ்அப்ல நாலு போட்டோ அனுப்புங்க" என்று சொல்லிவிட்டார். எல்லா வேலையையும் போடணுமா, பொறுக்கிப் போடணுமா?

முத்தியால்பேட்டை வாசி:
முதலில் வீடியோவைத் தூக்குங்கள். அப்புறம் படங்கள். கேமராவில் இருந்து வந்த 8 எம்பி படத்தை அப்படியே ஏற்றியிருப்பார்கள், அகலத்தை 2000 பிக்சலுக்குக் குறைத்து வெப்பி ஃபார்மேட்டுக்கு மாற்றினால் பெரும்பாலும் 400 கேபிக்குள் அடங்கிவிடும், போனுக்கு 800 பிக்சலில் தனியாக ஒன்று. கீழே உள்ள படங்களுக்கு லேசி லோடிங் (கீழே தள்ளிப் பார்க்கும்போது மட்டும் படம் இறங்குவது) போடுங்கள், ஆனால் முகப்பில் முதலில் தெரியும் படத்துக்குப் போடாதீர்கள், அதுதான் தாமதமாகும் (நானே ஒரு சைட்டில் செய்த தப்பு). அந்தப் பெரிய படம் 2.5 வினாடிக்குள் தெரிய வேண்டும் என்பது கூகுள் வைத்திருக்கும் கணக்கு.

பிளானை ஆட்டோகேடில் (பிளான் வரையும் மென்பொருள்) இருந்து அப்படியே எடுத்துப் போட்டால் போனில் கோடெல்லாம் மறைந்துவிடும். டைமென்ஷன் (அளவுக் குறிப்பு), ஹேட்ச் (கோடு போட்டு நிரப்பியது) எல்லாவற்றையும் அணைத்து, சுவரை மட்டும் கறுப்பாக நிரப்பி, எவ்வளவு பெரிதாக்கினாலும் மங்காத எஸ்விஜியாகப் போடுங்கள். தமிழில் எழுதுவதாக இருந்தால் வரி இடைவெளியைக் கூட்டணும், இல்லையென்றால் மேல் வரி 'ழு'வும் கீழ் வரி 'கீ'யும் இடித்துக்கொள்ளும்.

மஞ்சக்குப்பம் வீட்டுக்காரன்:
நான் ஆர்க்கிடெக்ட் இல்லை, போன வருடம் வீடு கட்டியவன். ஏழெட்டு சைட் பார்த்தேன், எல்லாவற்றிலும் அதே சாயங்கால வெளிச்சம், ஆள் இல்லாத ஹால், கீழே புரியாத கவிதை மாதிரி ஒரு வரி. எனக்குத் தெரிய வேண்டியது மனை என்ன அளவு, எந்தத் திசை பார்த்தது, எத்தனை சதுர அடி, முற்றத்தில் விழும் மழைத் தண்ணீர் எங்கே போகிறது. 2011 தானே புயலைப் பார்த்த கடலூர்க்காரனுக்கு ஓட்டுக் கூரையைக் காட்டினால், அழகு அப்புறம், அதைச் சுவரோடு எப்படிப் பிடித்துக் கட்டியிருக்கிறார்கள் என்றுதான் மனசு போகும். அந்த ஒரு செக்‌ஷன் டிராயிங்கை, அதாவது கட்டடத்தை நெடுக்காக வெட்டிக் காட்டும் படத்தை, போட்டிருந்த ஆபீசுக்குத்தான் போன் செய்தேன்.

தாழ்வாரம்:
22ம் வேண்டாம், ஆறோ ஏழோ போதும். கஃபேயைப் பின்னால் தள்ளி, திண்ணை வீடுகளை முன்னால் வையுங்கள், மஞ்சள் சுவர் இந்த ஊரில் எல்லாரிடமும் இருக்கிறது. வைசியாள் வீதிக்கு 2008ல் யுனெஸ்கோ விருது கிடைத்தது ஒரு தனி வீட்டுக்காக இல்லை, வீதி முகப்பையே சேர்த்து மீட்டதற்கு. நீங்களும் பக்கத்து வீடு இரண்டும் தெரிகிற மாதிரி எடுங்கள். மெட்ராஸ் டெரசை (மர உத்தரத்தின் மேல் செங்கல், சுண்ணாம்பு வைத்துக் கட்டிய பழைய தளம்) பிரித்தபோது எடுத்த படம் இருந்தால் கட்டாயம் போடுங்கள், செங்கல் படுக்காமல் நின்றுகொண்டிருப்பதைப் பார்த்தாலே வேலை தெரிந்தவர் கண்டுகொள்வார். கதவு எண் தெரியக்கூடாது, வீட்டுக்காரரிடம் எழுத்தில் சம்மதம் வாங்குங்கள். 'புதுவையின் நம்பர் ஒன்' மாதிரி ஏதாவது இருந்தால் எடுத்துவிடுங்கள், ஆர்க்கிடெக்ட்களைப் பதிவு செய்யும் ஆர்க்கிடெக்சர் கவுன்சிலின் 1989 நடத்தை விதிகள் விளம்பர விஷயத்தில் கறார்.

உப்பளத்தான்:
நம்பர் ஒன் இல்லை, 'முன்னணி' இருந்தது, எடுத்தாச்சு. வீடியோவும் போயாச்சு. பழுதுபார்ப்பதற்கு முந்தைய படம் ஒரே வீட்டுக்குத்தான் இருக்கிறது, அதுவும் மேஸ்திரி போனில், திண்ணைத் தூணில் அவர் சைக்கிள் சாய்ந்திருக்கிறது. இப்போதைய படம் எடுக்க ஞாயிற்றுக்கிழமை அதே சைக்கிளோடு அவரை வரச் சொல்லியிருக்கிறேன்.