உமி, மரக்கழிவு கொண்டு சிற்றூருக்கு மின்சாரம்

கேள்வி:
மின்கம்பி எட்டாத ஊருக்கு, நெல் உமியையும் மரக்கழிவையும் எரிவாயுவாக்கி இயந்திரத்தை ஓட்டும் சிறிய மின்நிலையம் பொருந்துமா? இரண்டையும் எரிவாயுவாக்கும் ஒரே கலனில் இடலாமா?

மறுமொழி 1:
பொருந்தும், ஆனால் ஒரே கலன் போதாது. உமியின் எடையில் ஏறத்தாழ 5இல் ஒரு பங்கு, பெரும்பாலும் சிலிக்காவாலான சாம்பலாக எஞ்சுவதால், மரத்துண்டுகளுக்கென வடிவமைத்த குறுகிய தொண்டையுள்ள கலன் அடைத்துக்கொள்ளும்.

மறுமொழி 2:
அதைவிடப் பெரிய தொல்லை, வாயுவோடு கலந்து வரும் பிசுபிசுப்பான தார். வாயுவைக் குளிர்வித்து வடிகட்டாமல் இயந்திரத்துக்குள் செலுத்தினால் வால்வுகள் ஒட்டிக்கொள்ளும். ஈரம் 20 விழுக்காட்டைத் தாண்டிய விறகு தாரை மேலும் கூட்டும். வாயுவைக் கழுவிய நீரைச் சுத்திகரிக்காமல் வாய்க்காலில் விடக் கூடாது (திட்ட மதிப்பீடுகளில் இச்செலவு எளிதில் விடுபட்டுவிடும்).

மறுமொழி 3:
ஓர் அலகு மின்சாரத்துக்கு உலர்ந்த விறகு 1 முதல் 1.5 கிலோ வரை செலவாகும் என்பதால், மழைக்காலத்திலும் நனையாத கிடங்குக்கு இடமிருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.