கரிசலில் சாம்பல் கலந்தவர்கள் உண்டா?

கோவில்பட்டி–விளாத்திகுளம் பக்கம் சாலை போட்டவர்களுக்கு இந்த மண்ணின் குணம் தெரியும். கோடையில் கை நுழையும் அளவுக்கு வெடிக்கும். ஐப்பசி மழையில் உப்பிச் சாலையையே தூக்கிவிடும். ஊர்ச்சாலை ஒன்றில் கிராவல் விலை கட்டுப்படியாகவில்லை. தூத்துக்குடி அனல்மின் நிலையச் சாம்பலைக் கலப்பதென்று முடிவானது. சாம்பல் இலவசம் என்பார்கள். லாரி வாடகையை யாரும் சொல்வதில்லை.

மண் எவ்வளவு உப்பும் என்று பார்க்க, சலித்த மண் 10 கிராம் வீதம் இரண்டு அளவுக் குழாய்களில் போட்டு, ஒன்றில் மண்ணெண்ணெயும் மற்றதில் காய்ச்சி வடித்த நீரும் ஊற்றி வைத்தோம். மறுநாள் மண்ணெண்ணெயில் மண் அடங்கிக் கிடந்தது. நீரில் இருமடங்குக்கு மேல் எழும்பி நின்றது. சாம்பல் மட்டும் கலந்தபோது உப்பல் குறைந்தது. ஆனால் மண்ணின் தாங்குதிறனை அளக்க, நான்கு நாள் ஊறவைத்துச் செய்யும் சி.பி.ஆர். சோதனையில் பலம் ஏறவே இல்லை. அந்தச் சாம்பலில் சிலிக்காவும் அலுமினாவும் ஏராளம், அவற்றோடு சேர்ந்து இறுக வேண்டிய சுண்ணாம்பு சொற்பம். சுண்ணாம்பைத் தனியாகச் சேர்த்த பிறகே மண் வழிக்கு வந்தது. பிசுபிசுப்பு அன்றே போய்விடும். இறுகுவதற்கு வாரக்கணக்கில் ஆகும்.

கலப்பதுதான் பெரும்பாடு. டிராக்டரில் ரோட்டவேட்டர் மாட்டி உழுதும் கட்டிகள் மிஞ்சின. ஒன்றை உடைத்துப் பார்த்தேன்: மேலே சாம்பல் பூச்சு, உள்ளே கன்னங்கரேலென்று பழைய கரிசல். மழையில் உப்பப்போவது அதுதான். மண் நன்றாகக் காய்ந்திருக்கும்போதே பொடியாக்கிவிடுங்கள்.

— விருத்தாசலத்திலிருந்து:
அண்ணா, எங்களுக்கு வாய்த்தது நெய்வேலிச் சாம்பல். பழுப்பு நிலக்கரி என்பதால் சுண்ணாம்பு அதிலேயே கூடுதல். தண்ணீர் பட்டதும் இறுகத் தொடங்கிவிடும். ஒருநாள் ஈரம் போட்ட பிறகு டீசல் இல்லாமல் ரோலர் மதியம்வரை நின்றுவிட்டது. அந்தத் துண்டு மட்டும் அடர்த்திச் சோதனையில் தேறவில்லை, பெயர்த்துப் போட்டோம். இப்போதெல்லாம் ரோலர் உறுமும் சத்தம் கேட்ட பிறகுதான் தண்ணீர் லாரியைத் திறக்க விடுகிறேன்.

— ஆய்வகத்தில் வேலை செய்பவன்:
இருவருக்கும் ஒன்று. சுண்ணாம்பு போடும் முன் மண்ணிலும் சாம்பலிலும் சல்பேட் எவ்வளவு என்று பார்த்துவிடுங்கள். சல்பேட் நிறைந்த உரத் தொழிற்சாலைக் கழிவான பாஸ்போஜிப்சத்தைச் சும்மா கிடைக்கிறதென்று அள்ளிக் கொட்டுகிறவர்களும் உண்டு. அளவு மீறிய சல்பேட், சுண்ணாம்பு, களிமண்ணின் அலுமினா மூன்றும் ஈரத்தில் கூடினால் எட்ரிங்கைட் என்ற படிகம் வளரும். எந்த உப்பலை அடக்கச் சுண்ணாம்பு போட்டீர்களோ, அதைவிட மோசமாக அது தூக்கும். கரிசலைத் தோண்டும்போது வெள்ளையாக மினுங்கும் ஜிப்சத் துணுக்குகள் தெரிந்தால், அந்த இடத்து மண்ணைத் தனிப்பையில் கட்டி அனுப்புங்கள்.