கணக்குக் கோப்பில் உதவியாளர்களால் எழுத முடியவில்லை: குழு அனுமதி கொடுத்தும் மறுக்கப்படுகிறது

கேள்வி:
அனைவருக்கும் வணக்கம். எங்கள் மொத்த வியாபாரக் கடையின் வரவு செலவை உபுண்டு சர்வரில் லெட்ஜர் நிரலுக்குரிய எளிய உரைக் கோப்பாக வைத்திருக்கிறோம். சென்ற நிதியாண்டு வரை நான் மட்டுமே பதிவு எழுதினேன். இந்த ஏப்ரல் 1 முதல் இரண்டு உதவியாளர்களும் எழுதுகிறார்கள். அதற்காகக் ‘கணக்கு’ என்ற குழுவை உருவாக்கி இருவரையும் அதில் சேர்த்து, கோப்புறைக்கு செட்ஜிஐடி (உள்ளே உருவாகும் கோப்புகள் கோப்புறையின் குழுவையே பெறச் செய்யும் அமைப்பு) வைத்து, செட்ஃபேக்ல் (கூடுதல் அனுமதிகளை அமைக்கும் கட்டளை) கொண்டு அக்குழுவுக்கு முழு அனுமதியை இயல்பு அனுமதியாகவும் (புதிய கோப்புகளுக்குத் தானாக இறங்குவது) கொடுத்தேன். அதன் பிறகு பழைய ஆண்டுக் கோப்பை சிபி கட்டளையால் நகலெடுத்து, பதிவுகளை நீக்கி, புதிய ஆண்டுக் கோப்பாக்கினேன். அவர்கள் அதை நானோ உரைத் திருத்தியில் திறந்தால் எழுத இயலாது என்று வருகிறது. அன்றாட விற்பனைப் பதிவு தேங்கி நிற்கிறது. எல்லாருக்கும் எல்லா அனுமதியும் தரும் 777ஐக் கொடுத்துவிடலாமா?

மறுமொழி 1:
தயவுசெய்து 777 வேண்டாம். சர்வரில் பயனர் கணக்கு உள்ள யாரும், ஏன், இணையச் சேவைக்கென ஓடும் பயனர்கூட உங்கள் பேரேட்டைத் திருத்த வழி திறந்துவிடும். அந்தக் கோப்பின் மீது, அனுமதிகளைக் காட்டும் கெட்ஃபேக்ல் கட்டளையை இயக்கி, வருவதை இங்கே எழுதுங்கள்.

கேட்டவர்:
‘கணக்கு’ குழுவின் வரியில் படிக்க, எழுத, இயக்க மூன்றும் இருக்கின்றன. ஆனால் அதே வரியின் ஓரத்தில் ‘எஃபெக்டிவ்’ (உண்மையில் செல்லுபடியாவது) என்று போட்டுப் படிக்கும் அனுமதி மட்டும் காட்டுகிறது. மாஸ்க் வரியிலும் படிக்கும் அனுமதி மட்டுமே உள்ளது.

மறுமொழி 1:
கோளாறு அந்த மாஸ்க்கில்தான். குழுவுக்கு எவ்வளவு கொடுத்தாலும் மாஸ்க் விடுகிற அளவே செல்லும். உங்கள் பழைய கோப்பு 644 ஆக (உரிமையாளர் படிக்க, எழுத; குழுவும் மற்றவர்களும் படிக்க மட்டும்) இருந்திருக்கும். சிபி புதிய கோப்பை உருவாக்கும்போது மூலத்தின் அந்த அனுமதியையே கேட்கிறது, எனவே நீங்கள் வைத்த இயல்பு அனுமதி இறங்கி வந்தாலும் மாஸ்க் 644இன் நடு இலக்கமான 4க்கு, அதாவது படிப்பதற்கு மட்டும், சுருங்கிவிடுகிறது. கோப்பின் உரிமையாளராகிய நீங்களே அனுமதியை மாற்றும் சிஎச்மோட் கட்டளை மூலம் குழுவுக்கு எழுதும் அனுமதியைச் சேருங்கள். கூடுதல் அனுமதிகள் உள்ள இத்தகைய கோப்பில் அந்தக் கட்டளை மாஸ்க்கைத்தான் மாற்றும். பழைய கோப்பையும் 660 (உரிமையாளரும் குழுவும் படிக்க, எழுத) ஆக்கிவிட்டால் அடுத்த ஆண்டு நகலெடுக்கும்போது இது திரும்ப வராது.

மறுமொழி 2:
ஒன்று சேர்த்துச் சொல்கிறேன். வீட்டுக் கோப்புறையிலிருந்து எம்வி கட்டளையால் எதையும் இங்கே நகர்த்தாதீர்கள். ஒரே வட்டுப் பிரிவுக்குள் நகர்த்தப்படும் கோப்பு பழைய குழுவோடும் பழைய அனுமதியோடுமே வரும். இயல்பு அனுமதி புதிதாக உருவாகும் கோப்புக்கு மட்டுமே பொருந்தும். அனுமதிகளை மாற்றும் முன் கெட்ஃபேக்லின் முழு வெளியீட்டை ஒரு கோப்பில் சேமித்து வைத்தால், தவறு நேர்ந்தாலும் செட்ஃபேக்லின் மீட்டெடுப்பு விருப்பத்தால் பழைய நிலைக்குத் திரும்பலாம்.

கேட்டவர்:
மிக்க நன்றி. சிஎச்மோட் கொடுத்தவுடன் ஒருவருக்குச் சரியாகிவிட்டது. மற்றவருக்கு மட்டும் இன்னும் மறுக்கிறது. அவர் சில நாட்களாக அதே டெர்மினலை (கட்டளைச் சாளரத்தை) மூடாமல் வைத்திருக்கிறார்.

மறுமொழி 1:
அவரை அந்த டெர்மினலிலேயே, தன் குழுக்களைக் காட்டும் ஐடி கட்டளையை இயக்கச் சொல்லுங்கள். ‘கணக்கு’ குழு அதில் தெரியாவிட்டால், அவரைக் குழுவில் சேர்ப்பதற்கு முன்பே தொடங்கிய அமர்வு அது என்று பொருள். முழுவதுமாக வெளியேறி மீண்டும் உள்நுழைய வேண்டும்.

கேட்டவர்:
குழு தெரியவில்லைதான். வெளியேறி உள்நுழைந்ததும் எழுத முடிந்தது. தேங்கிய விற்பனைப் பதிவுகளை இருவரும் இப்போது ஏற்றிக்கொண்டிருக்கிறார்கள்.