மலேசியன் புல் மஞ்சளாகிறது: உப்புவெளி மணலில் என்ன செய்யலாம்?

கேட்டவர் (உப்புவெளி, திருகோணமலை):
வணக்கம். கடலிலிருந்து கூப்பிடு தூரத்தில் உள்ள எங்கள் வளவில், சென்ற மார்கழி மழையோடு புற்றரைக்காக மலேசியன் புல்லைச் சதுரக் கட்டிகளாக வாங்கிப் பதித்தேன். அதிகம் பராமரிக்கத் தேவையில்லை என்றே விற்றவர் சொன்னார். மாசி வரை அப்படித்தான் இருந்தது. கச்சான் வீசத் தொடங்கிய பின்னர், மாமர நிழலில் உள்ள பகுதி தவிர மற்ற இடமெல்லாம் மஞ்சளாகிவிட்டது. பசளை போதவில்லை என எண்ணி மூன்று முறை யூரியா இட்டும், நாள்தோறும் மாலையில் கிணற்று நீர் பாய்ச்சியும் பயனில்லை. எங்கே தவறு?

பதில் (தம்பலகாமம்):
ஐயா, முதலில் யூரியாவை நிறுத்துங்கள். நைதரசன் குறைந்தால் அடியிலுள்ள முதிர்ந்த இலைகளே முன்னதாக மஞ்சளாகும். மாறாக, இளந்தளிர் வெளிறி நரம்புகள் மட்டும் பச்சைக் கோடுகளாக நின்றால் அது இரும்புக் குறை. நுனி கருகியிருந்தால் கிணற்று நீரின் உப்பையும் சந்தேகிக்க வேண்டும். ஒரு பிடி காய்ந்த மண்ணைக் கிண்ணத்தில் இட்டு வினாகிரி ஊற்றிப் பாருங்கள்; சுண்ணாம்பு இருந்தால் நுரைக்கும்.

கேட்டவர்:
வெயிலில் உள்ள மண் சோடாவைப் போல நுரைத்தது. அதில் சிப்பித் துகள்கள் வெறுங்கண்ணுக்கே தெரிகின்றன. மாமரத்தடி மண் ஏறக்குறைய அசையவே இல்லை. தளிர்களில் நீங்கள் சொன்ன பச்சைக் கோடுகள் உள்ளன, நுனிகளும் கருகியிருக்கின்றன.

பதில் (தம்பலகாமம்):
அப்படியானால் இரும்புக் குறை, உப்பு இரண்டும் உண்டு. பெயர் மலேசியன் என்றாலும் இந்தப் புல்லின் தாயகம் வெப்பமண்டல அமெரிக்கா. ஈரமும் நிழலும் சற்றே அமிலத்தன்மையும் உள்ள மண்ணே அதற்கு ஏற்றது. சிப்பிச் சுண்ணாம்பு நிறைந்த மணலில் இரும்பு இருந்தாலும், அதை வேரால் உறிஞ்ச முடியாது. ஒரு லீற்றர் நீரில் 5 கிராம் பெரசு சல்பேற்று என்ற இரும்பு உப்பைக் கரைத்து மாலையில் தெளித்தால் சில நாட்களில் பச்சை திரும்பும். ஆயினும் அடுத்த தளிர் மீண்டும் மஞ்சளாகவே வரும். சீமெந்துத் தரையில் பட்டால் துருக்கறை போகாது. என் வீட்டு வாசற்படி அதற்குச் சாட்சி.

ஆகவே நிழலில் உள்ள மலேசியன் புல்லை அப்படியே விட்டு, விழும் மாவிலைகளை அங்கேயே மக்கவிடுங்கள். வெயிற்பகுதியில் நம் அறுகையே நடுங்கள். பிள்ளையாருக்குச் சாத்தும் அந்தப் புல் உப்பையும் வறட்சியையும் சுண்ணாம்பு மண்ணையும் தாங்கும். நிழலில் மட்டும் நலிந்துவிடும். அது பூச்சாடிகளுக்குள்ளும் மரக்கறிப் பாத்திக்குள்ளும் புகுந்துவிடும் என்பதால் ஓரத்தில் செங்கல் வரிசை ஒன்றைப் புதைத்துவிடுங்கள். கணுக்களோடு வெட்டிய கொடித் துண்டுகளை, மணலில் மாட்டெருவைக் கலந்த பின், ஒரு சாண் இடைவெளியில் பதித்தால் போதும். ஆனால் இப்போது வேண்டாம். ஐப்பசி மழை பிடித்து மணலில் தங்கிய உப்பு கழுவப்பட்ட பிறகு தொடங்குங்கள்.