புதுப்பிப்பு: துணி அடுக்கும் நிலைக்கண்ணாடி, நான்கு மாதம் கழித்து

உள்ளே துணி அடுக்கத் தட்டுகள் வைத்த நிலைக்கண்ணாடி எங்கள் சின்னப் படுக்கையறைக்குச் சரிப்படுமா என்று ஆடி மாதம் கேட்டிருந்தேன். வாங்கிவிட்டோம். வீடு கடலூர் தேவனாம்பட்டினத்தில். உப்புக்காற்றில் கண்ணாடியின் பின்பூச்சு கறுத்துவிடுமோ என்றுதான் பயந்தேன். இதுவரை ஒன்றும் ஆகவில்லை.

அடிபட்டது பெட்டிதான். மரத்தூளை அழுத்திச் செய்த பலகை அது. ஐப்பசி மழையில் அடித்தட்டின் ஓரம் ஈரம் குடித்து உப்பிவிட்டது. உப்பியது இனி அடங்காது. மற்ற ஓரங்களுக்கு வார்னிஷ் அடித்து, அடியில் ரப்பர் கட்டை கொடுத்துத் தூக்கி வைத்திருக்கிறேன்.

அப்புறம், முக்கியமானது: கண்ணாடிக் கதவைத் திறந்தால் எடை முழுக்க முன்னால் வருகிறது. என் மகள் கதவைப் பிடித்துத் தொங்கியபோது மொத்தமும் ஆடியது, எனக்கு உயிரே போய்விட்டது. அன்றே ஆசாரியைக் கூப்பிட்டு இரண்டு எல் கிளாம்பு போட்டுச் சுவரோடு பிணைத்தோம். கனமான ஜீன்ஸ், போர்வையெல்லாம் இப்போது கீழ்த்தட்டில்தான். குழந்தை இருக்கும் வீட்டில் சுவரோடு பிணைப்பதைத் தள்ளிப்போடவே வேண்டாம்.

ஆறடி உயரம் தேவையா என்று கேட்டவருக்கு: முழு உருவம் தெரிய நம் உயரத்தில் பாதி போதும், சரியான உயரத்தில் இருந்தால். 5 அடி 4 அங்குலம் உள்ள எனக்கு 2 அடி 8 அங்குலம். தள்ளி நின்றாலும் இதே கணக்குதான்.