புதுப்பிப்பு: தெலுக் இந்தான் செம்பனைத் தோட்டம், மறுநடவு நிலத்துக்கு ட்ரோன்

சென்டினல்-2 செயற்கைக்கோள் படங்களின் என்டிவிஐ அளவைக் (இலைப் பசுமையைக் காட்டும் எண்) கொண்டு முதிர்ந்த செம்பனையைக் (எண்ணெய்ப் பனை) கண்காணிப்பது பற்றி முன்பு எழுதியிருந்தேன். பழைய மரங்களை வெட்டிப் புதுக் கன்று நட்ட மறுநடவு நிலத்துக்கும் அது பொருந்துமா என்று தோட்டத்து அண்ணன் ஒருவர் கேட்டார். பொருந்தாது.

9 மீட்டர் முக்கோண நடவில் எக்டருக்குச் சுமார் 142 மரம். சென்டினல்-2 படத்தின் 10 மீட்டர் பிக்சலில் ஒன்றரைக் கன்றுகூட வராது. மீதியெல்லாம் நிலத்தை மூட வளர்க்கும் முக்குனா கொடிதான். கன்று பட்டுப்போனாலும் கொடி படர்ந்து என்டிவிஐ உயர்வாகவே இருக்கும். பட்ட கன்றைத் தனியாகக் காண ட்ரோன் வேண்டும்: 60 மீட்டர் உயரம், படங்கள் முன்பின் 80, பக்கவாட்டில் 70 விழுக்காடு ஒன்றன்மேல் ஒன்று விழவேண்டும். முதிர்ந்த மரங்களுக்கு 100 மீட்டர், 85 விழுக்காடு. அவற்றின் மேல் தாழப் பறந்தால், காற்றில் ஆடும் மட்டை ஒவ்வொரு படத்திலும் இடம் மாறி, படங்களை ஒரே படமாக ஒட்ட முடியாது.

காலை 11 முதல் 12.30 வரை நல்ல நேரம். சுமார் ஒன்றேகாலுக்குச் சூரியன் உச்சிக்கு வரும். மார்ச், செப்டம்பர் மாதங்களையொட்டி அது நேர் தலைக்குமேல் நிற்பதால், அந்நேரம் பறந்தால் படத்தில் வெளிறிய வட்டம் விழும். பறப்புக்கு முன்னும் பின்னும், வெளிச்ச அளவைச் சரிசெய்ய உதவும் அளவுத்தட்டைப் படமெடுங்கள். பாதியில் மேகம் மறைத்தால் அந்தப் பறப்பை விட்டுவிட்டு மறுநாள் பறப்பதே நல்லது.

மேகம் விலகாத மாதங்களுக்கு, மேகத்தை ஊடுருவிப் பார்க்கும் சென்டினல்-1 செயற்கைக்கோள் ரேடார் உண்டு. மரம் வெட்டிய இடம் அதில் தெரியும். இலை மஞ்சளாவது தெரியாது.