ஸ்டெனோ இயந்திரத்தில் நிமிடத்துக்கு 160 சொல்லில் நின்றுவிட்டேன்: சுருக்க வடிவங்களை எப்படிக் கற்பது?

கோடும் புள்ளியும்:

அனைவருக்கும் வணக்கம். திருச்சியில் ஒரு தட்டச்சுப் பயிலகத்தில் பிட்மன் சுருக்கெழுத்து பயின்று, ஆங்கில முதுநிலைத் தேர்வில் நிமிடத்துக்கு 120 சொற்கள் எழுதித் தேறியவள் நான். திருமணமாகி அமெரிக்கா வந்த பிறகு, இரண்டரை ஆண்டுகளாக நீதிமன்ற ரிப்போர்ட்டர் (விசாரணையைச் சொல்லுக்குச் சொல் பதிவு செய்பவர்) பயிற்சியில், பல விசைகளை ஒரேசமயம் அழுத்தி ஒலிப்படி எழுதும் ஸ்டெனோ இயந்திரம் கற்று வருகிறேன். ஆர்.பி.ஆர். என்ற தொழில்முறை ரிப்போர்ட்டர் சான்றிதழுக்கு இலக்கியப் பகுதியை 180, ஜூரிக்கான அறிவுரையை 200, சாட்சி விசாரணையை 225 என்ற வேகத்தில், ஒவ்வொன்றும் ஐந்து நிமிடம், 95 விழுக்காடு துல்லியத்துடன் எழுத வேண்டும் என்பது இங்குள்ளோர் அறிந்ததே. எனக்குச் சாட்சி விசாரணையான வினா-விடைப் பகுதியில் 160 வரை தடையில்லை. 170 என்றதும் கை பின்தங்கிவிடுகிறது. எட்டு மாதங்களாக இதே நிலைதான்.

சுருக்கமாக எழுதினால்தான் வேகம் வரும் என்று ஆசிரியர் சொன்னதால், அவர் கொடுத்த பிரீஃப் (சுருக்க வடிவம்) பட்டியலை அகரவரிசையில் நாளுக்கு 25 வீதம் மனப்பாடம் செய்தேன். பலன் தலைகீழாகிவிட்டது. சென்ற வாரம் டிக்டேஷனில் ‘டு யூ ரிமெம்பர்’ என்று வந்தபோது, அதற்கு ஒரே ஸ்ட்ரோக் (விசைகளை ஒருமுறை சேர்த்து அழுத்துவது) உண்டு என்பது நினைவுக்கு வந்ததே தவிர அது எந்த ஸ்ட்ரோக் என்பது வரவில்லை. விரல்கள் விசைகளுக்கு மேலே அப்படியே நின்றன; அதற்குள் வழக்கறிஞரின் கேள்வி முடிந்து சாட்சியின் பதிலும் பாதி போய்விட்டது. பட்டியலைக் கைவிட்டுவிட்டு, ஒலிப்படி முழுதாக எழுதும் பழைய முறைக்கே திரும்பிவிடலாமா? அல்லது நான் கற்கும் முறையில்தான் கோளாறா?

டெக்சஸ் ரிப்போர்ட்டர்:

சகோதரி, கோளாறு கற்கும் முறையில்தான் என்பது என் கருத்து. கணக்கை முதலில் பார்த்துவிடுவோம். 225 சொல் வேகத்தில் ஒரு சொல்லுக்குச் சராசரியாக ஒன்றரை ஸ்ட்ரோக் ஆகுமானால், நொடிக்கு ஐந்தரைக்கு மேல் அழுத்த வேண்டும். சொல்லுக்கு ஒன்று என்றால் நொடிக்கு நாலுக்கும் குறைவு. பத்துச் சொற்களை எட்டு ஸ்ட்ரோக்கில் முடிப்பவருக்கு நொடிக்கு மூன்றே போதும். நிமிடத்துக்கு 360 சொற்கள் எழுதிக் கின்னஸில் இடம்பெற்ற மார்க் கிஸ்லிங்பரி, விரல் வேகத்தைக் கூட்டுவதைவிட ஸ்ட்ரோக்கைக் குறைப்பதையே பல்லாண்டுகளாகக் கற்பித்து வருகிறார் என்பதை நீங்களும் அறிந்திருப்பீர்கள்.

ஆனால் அகரவரிசைப் பட்டியல் இதற்கு வழியல்ல. நீங்கள் பிட்மன் படித்தவர். கோட்டைப் பாதியாக்கினால் ‘டி’ ஒலி சேரும் என்ற விதியைக் கற்றபோது அது ஒரு சொல்லுக்கான விதியாக இருக்கவில்லை. ஒரே நாளில் நூற்றுக்கணக்கான சொற்கள் கைக்கு வந்தன. இங்கும் அப்படிப்பட்ட குடும்பங்களைப் பிடிக்க வேண்டும். ‘டு யூ ரிமெம்பர்’ என்பதை முழுதாக எழுதினால் ஐந்து ஸ்ட்ரோக். அதையே இடக்கையில் ‘டு’, கட்டைவிரல்களில் ‘யூ’, வலக்கையில் வினைச்சொல் என்று பிரித்துப் பாருங்கள். வலக்கையில் ஆர்-எல் என்றால் ‘ரீகால்’, ஆர்-எம் என்றால் ‘ரிமெம்பர்’, வெறும் என் என்றால் ‘அறிதல்’ என்ற பொருளிலான ‘நோ’. இனி இடப்பக்கத்தை மட்டும் மாற்றினால் ‘டிட் யூ’, ‘ஐ டோன்ட்’, ‘ஹி டஸ்’ எல்லாவற்றுக்கும் அதே வால்தான். ஆறு தலையும் ஐந்து வாலும் கற்றவருக்கு, பதினொன்றைக் கற்ற உழைப்பில் முப்பது தொடர்கள் கிடைக்கின்றன. சாட்சி விசாரணையில் ஒரு பக்கத்துக்குள் இவை எத்தனை முறை வருகின்றன என்று உங்கள் பழைய பிரதி ஒன்றில் அடிக்கோடிட்டுப் பாருங்கள்.

அடுத்தது, விகுதியை அதே ஸ்ட்ரோக்கில் செருகுவது. ‘டாக்டு’ என்ற இறந்தகால வடிவம் ஒரே ஸ்ட்ரோக்கில் வந்துவிடும், ஏனெனில் இறந்தகாலத்துக்கான விசை வலப்புறக் கடைசி வரிசையில் தனியே இருக்கிறது. ‘டாக்கிங்’ அப்படி வராது. வலப்புறத்தில் ‘க்’ ஒலியை எழுதும்போதே ஜி விசை செலவாகிவிடுவதால், ‘இங்’ விகுதிக்கு இரண்டாவது ஸ்ட்ரோக் தேவைப்படுகிறது. (தமிழ் எழுத்தில் ஸ்டெனோ விசைகளை விளக்குவது பெரும்பாடு, பொறுத்துக்கொள்ளுங்கள்.) அவ்வகைச் சொற்களில் அடிக்கடி வருபவற்றுக்கு மட்டும் விண்மீன் விசையைச் சேர்த்து அழுத்தும் வடிவத்தை, ஸ்ட்ரோக்கைச் சொல்லாக மாற்றும் என் மென்பொருள் டிக்ஷனரியில் பதிந்து வைத்திருக்கிறேன்.

மூன்றாவது, வேலையிடத்திலேயே உருவாக்கிக்கொள்வது. ஒரு முதுகுத்தண்டு வழக்கில் ‘ஆன்டீரியர் செர்விகல் டிஸ்கெக்டமி அண்ட் ஃப்யூஷன்’ என்பதை மருத்துவர் முதல் பத்து நிமிடத்துக்குள் நான்கு முறை சொல்லிவிட்டார். ஐந்தாம் முறை சொல்வதற்குள் அதற்கு ஒரு ஸ்ட்ரோக் வகுத்துக்கொண்டேன். அன்று மாலையோடு அதை மறந்தும்விட்டேன். அதில் தவறொன்றும் இல்லை.

நேரலை வசனம்:

மேலே எழுதியவருடன் எனக்குப் பாதி உடன்பாடுதான். கேட்கும் திறன் குறைந்த மாணவர்களுக்காக வகுப்பறை உரைகளை உடனுக்குடன் திரையில் எழுதித் தரும் பணி என்னுடையது. ரிப்போர்ட்டருக்குப் பிரதியைத் திருத்த இரவு முழுவதும் இருக்கிறது. நான் அழுத்தியது அடுத்த நொடியே மாணவர் கண்முன் நிற்கும்.

ஒரு கல்லூரியின் மருந்தியல் வகுப்பில் ‘ஹைப்பர்டென்ஷன்’ என்பதற்கு உயிரெழுத்தை விட்டுவிட்ட ஒரு குறு வடிவத்தைப் பெருமையோடு பயன்படுத்தி வந்தேன். ‘ஹைப்போடென்ஷன்’ என்பதற்கும் சில வாரங்கள் கழித்து அதற்கு மிக நெருக்கமான இன்னொன்றை வகுத்தேன். ஒருநாள் விரல் ஒரு விசை தவறியதில், இரத்த அழுத்தம் ஏறுகிறது என்று பேராசிரியர் சொன்னது இறங்குகிறது என்று திரையில் வந்தது. அந்த மாணவர் கையை உயர்த்திச் சந்தேகம் கேட்ட பிறகுதான் எனக்கே தெரிந்தது. அன்று முதல், எதிர்ப்பொருள் தரும் இணைகள் எவையாயினும் முழுதாகவே எழுதுகிறேன்.

வெல்லும் வீரரின் கைகளை வைத்து நம் கைகளுக்கு அளவெடுக்கக் கூடாது. யோசித்து எழுதும் ஒரு ஸ்ட்ரோக்கைவிட யோசிக்காமல் எழுதும் மூன்று ஸ்ட்ரோக் வேகமானது. கேள்வி கேட்டவர் விழுந்தது ஸ்ட்ரோக் அதிகமானதால் அல்ல, தயங்கியதால் என்பதை அவருடைய சொற்களே காட்டுகின்றன.

டெக்சஸ் ரிப்போர்ட்டர்:

அந்த இணைகளைப் பற்றிய எச்சரிக்கையை முழுமையாக ஏற்கிறேன். தயக்கத்தைப் பற்றியும் மறுப்பில்லை. ஆனால் தயக்கம் போவதற்கு மருந்து பிரீஃபைக் கைவிடுவதல்ல, குறைவாகக் கற்று அதிகமாகப் பழகுவதே. நாளுக்கு 25 என்பதைக் கேட்டதும் எனக்குத் தலை சுற்றியது. மூன்று போதும். அந்த மூன்றையும் தனிச் சொற்களாக அல்லாமல், முழுக் கேள்விகளுக்குள் வைத்து, 140 வேகத்தில், கேட்டவுடன் கை தானாகப் போகும்வரை எழுதுங்கள். 140-இல் நினைவுபடுத்த வேண்டியிருக்கும் வடிவம் 225-இல் ஒருபோதும் வராது. டிக்டேஷன் ஓடிக்கொண்டிருக்கும்போது ஒரு பிரீஃப் நினைவுக்கு வரவில்லையென்றால், தேடாமல் அந்தக் கணமே ஒலிப்படி எழுதிவிடுங்கள்.

கோவை பிளோவர்:

நான் தொழில்முறையாளன் அல்லன். பிளோவர் என்ற இலவச ஸ்டெனோ மென்பொருளில், ஒரு சாதாரண கேமிங் விசைப்பலகையை வைத்துப் பொழுதுபோக்காகப் பழகுபவன். என் வேகம் 90-ஐத் தாண்டாததால் அறிவுரை சொல்லும் தகுதி இல்லை, ஆனால் கருவி ஒன்றைச் சொல்லலாம். பிளோவரில் கிளிப்பி என்றொரு செருகி (கூடுதலாகச் சேர்க்கும் நிரல்) உண்டு. நாம் மூன்று ஸ்ட்ரோக்கில் எழுதிய சொல்லுக்கு டிக்ஷனரியில் அதைவிடக் குறுகிய வடிவம் இருந்தால், அதை ஒரு கோப்பில் குறித்துக்கொண்டே வரும். வார இறுதியில் அந்தக் கோப்பைத் திறந்து, எந்தச் சொல் அதிகம் திரும்ப வந்திருக்கிறதோ அதை மட்டும் பழகுகிறேன். பட்டியலைப் பிறர் தயாரிப்பதற்கும் நம் கையே தயாரிப்பதற்கும் உள்ள வேறுபாடு எனக்கு இதில்தான் புரிந்தது.

கோடும் புள்ளியும்:

மூவருக்கும் நன்றி. என் பயிற்சி மென்பொருளில் அந்தச் செருகி இல்லாததால், நேற்று ஒரு பழைய வினா-விடைப் பிரதியை அச்செடுத்து, இரண்டு ஸ்ட்ரோக்குக்கு மேல் எடுத்த இடங்களையெல்லாம் சிவப்பு மையில் வட்டமிட்டேன். நான்கு பக்கத்தில் ‘டு யூ ரீகால்’ ஒன்பது முறை, ‘அட் தட் டைம்’ ஏழு முறை. மனப்பாடம் செய்த பட்டியலிலிருந்து அந்த நான்கு பக்கத்தில் வந்தவை மொத்தமே ஆறு. இன்று காலை ‘டு யூ’ குடும்பத்தில் மூன்றை மட்டும் எடுத்து, 140-இல் அரைமணி நேரம் எழுதினேன். ‘ரீகால்’ கைக்கு வந்துவிட்டது. ‘ரிமெம்பர்’ இன்னும் ஒரு கணம் யோசிக்க வைக்கிறது.

டெக்சஸ் ரிப்போர்ட்டர்:

அப்படியானால் நாளையும் ‘ரிமெம்பர்’தான், நான்காவதைத் தொட வேண்டாம். ‘ரீகால்’, ‘ரிமெம்பர்’ இரண்டும் மாறி மாறி வரும் இருபது கேள்விகளை நீங்களே குரலில் பதிவு செய்துகொண்டு எழுதிப் பாருங்கள். இந்த இரண்டிலும் வலக்கை ஆர் விசை பொதுவாக இருப்பதால் தனித்தனியே பழகினால் கை குழம்பும்.